பச்சை விளக்கு எரியுது, கையை எடு!

கியூப் போட்டியை வேடிக்கை பார்க்கப் போகிறவர்களின் கண், போட்டியாளரின் விரலை விட்டு அகலாது. ஆனால் இன்றைக்கு நாம் மேஜையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகிறோம். ஜட்ஜ் உட்காரும் நாற்காலிக்கு! மூன்று நான்கு நொடியில் ரூபிக்ஸ் கியூப் சேர்ந்துவிடுகிற இந்த உலகத்தில் நெஞ்சு படபடக்க வைக்கிற இடம் அதுதான். அங்கே ஒருமுறை உட்கார்ந்து எழுந்தவர்கள் அப்புறம் விரலைப் பார்க்க மாட்டார்கள். கியூப் கையை விட்டு விழுகிற இடத்தைத்தான் பார்ப்பார்கள்.

அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார்கள் தெரியுமா? பெரும்பாலும் போட்டியாளர்களேதான்! சென்னையிலோ கோயம்புத்தூரிலோ நடக்கும் போட்டிக்குப் போய்ப் பாருங்கள். தன் முறை முடிந்த கையோடு ஒன்பதாம் வகுப்புப் பையன் அடுத்த குழுவுக்கு ஜட்ஜ் ஆகிவிடுவான். எதிரே உட்கார்ந்திருப்பது கல்லூரி மாணவராக இருக்கலாம், வேலைக்குப் போகிறவராக இருக்கலாம், அவனையே தோற்கடித்தவராகவும் இருக்கலாம். கியூப் விழுந்ததும் பையன் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணா, பெனால்ட்டி" என்கிறான். "எங்க தம்பி?" என்று அண்ணன் குனிகிறார். இருவருடைய கையும் கியூபைத் தொடாமல் காற்றில் நிற்கிறது. தகராறு தீரும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது, விதி அப்படி. எனக்கு இந்தக் காட்சி அலுக்கவே அலுக்காது!

இந்த விதிகளை எழுதுவது வேர்ல்ட் கியூப் அசோசியேஷன், சுருக்கமாக டபிள்யூ.சி.ஏ. ரான் வான் புருக்கெம், டைசன் மாவ் என்ற இரண்டு ஆர்வலர்கள் 2004-ல் தொடங்கியது. ஒவ்வொரு அதிகாரபூர்வப் போட்டியிலும் அதன் பிரதிநிதியாக ஒரு டெலிகேட்டாவது இருந்தாக வேண்டும். விதிநூல் எல்லோரும் படிக்கக் கிடைக்கிறது. எல்லோரும் படிக்கிறார்கள், எல்லோரும் சண்டை போடுகிறார்கள். இத்தனை சின்ன வயதில் இத்தனை பேர் ஒரு சட்டநூலை வரி வரியாகப் பிரித்து விவாதிப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சரி, முதலில் தடுப்புக்குப் பின்னால் எட்டிப் பார்ப்போம். அங்கே ஸ்கிராம்பிள் மேஜை. கணினி நிரல் தயாரித்துக் கொடுத்த திருப்பங்களின்படி கியூபைக் கலைத்து, தாளில் அச்சாகியிருக்கும் படத்தோடு முகம் முகமாக ஒப்பிட்டுப் பார்த்து, கலைத்தவர் கையெழுத்திடுகிறார். மேலே ஒரு மூடி கவிழ்க்கப்படுகிறது. ரன்னர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். ஒரே குழுவில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே கலைப்பு என்பதால், காத்திருப்பவர்களின் கண்ணில் ஒரு முகம்கூடப் படக்கூடாது. நியாயம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. கடிகாரம் இன்னும் ஓடக்கூட ஆரம்பிக்கவில்லை!

மூடிய கியூப் மேஜைக்கு வந்தாயிற்று. ஜட்ஜ் "ரெடி?" என்று கேட்கிறார். தலையாட்டியதும் மூடியைத் தூக்குகிறார். அதே கணத்தில் இன்னொரு கையில் இருக்கும் ஸ்டாப்வாட்சை அழுத்துகிறார். இனி பதினைந்து நொடி இன்ஸ்பெக்‌ஷன். கியூபை எடுத்துப் புரட்டிப் பார்க்கலாம், ஒரு திருப்பமும் திருப்பக்கூடாது. எட்டாவது நொடியில் ஜட்ஜ் "எய்ட் செகண்ட்ஸ்!" என்கிறார். பன்னிரண்டில் "ட்வெல்வ் செகண்ட்ஸ்!" பதினைந்து முடிவதற்குள் கியூபைக் கீழே வைத்துவிட்டு, ஸ்டாக்மேட் டைமரின் இரண்டு பட்டைகளிலும் கை வைக்க வேண்டும். சிவப்பு விளக்கு எரியும். அரை நொடிக்குமேல் கையை அசைக்காமல் வைத்திருந்தால் பச்சைக்கு மாறும். கையை எடுத்தால் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும்.

பதினைந்தைத் தாண்டிவிட்டால்? பதினேழு நொடிக்குள் ஆரம்பித்தால் இரண்டு நொடி கூடும். பதினேழையும் தாண்டினால் அந்த முயற்சியே கிடையாது, டி.என்.எஃப்., அதாவது 'முடிக்கவில்லை'. எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும். விதியை மீறி அதிகபட்சம் இரண்டு நொடி கூடுதலாகப் பார்க்கலாம், அதற்கு முழுசாக இரண்டு நொடி கொடுத்தாக வேண்டும். எவ்வளவு இழுத்தாலும் லாபம் வராது.

அடுத்தது, மண்டபத்தையே இரண்டாகப் பிரிக்கிற விவகாரம். சால்வ் முடிந்து கியூபைக் கீழே போட்டு, இரண்டு உள்ளங்கையையும் டைமரில் வைத்து நிறுத்துகிறார் போட்டியாளர். கியூப் மேஜை விரிப்பில் விழுந்து ஒரு குதி குதிக்கிறது. அந்தக் குதியில் மேலடுக்கு லேசாகத் திரும்பிவிடுகிறது. இப்போது அது சேர்ந்த கியூபா, சேராத கியூபா? விதி சொல்லும் கோடு 45 பாகை. அதுவரை விலகியிருந்தால் குற்றமில்லை. அதைத் தாண்டி, ஒரே ஒரு திருப்பம் பாக்கி என்று ஆகிவிட்டால் இரண்டு நொடி அபராதம். ஒன்றுக்கு மேல் பாக்கி இருந்தால் டி.என்.எஃப். பிரமின்க்ஸ் என்ற பிரமிடு வடிவப் புதிருக்கு 60 பாகை, மெகாமின்க்ஸ் என்ற ஐங்கோண முகப் புதிருக்கு 36 என்று ஒவ்வொன்றின் வடிவத்துக்கும் தனி அளவு உண்டு.

பாகைமானியெல்லாம் யாரும் வைப்பதில்லை. ஜட்ஜ் கன்னத்தை மேஜையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, திரும்பிய அடுக்கின் மூலை, கீழடுக்கின் பக்க நடுவைத் தாண்டிவிட்டதா என்று பார்க்கிறார். சரியாக நடுவில் நின்றால் மேலிருந்து எட்டு முனை நட்சத்திரம் போலத் தெரியும். அந்த நட்சத்திரத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில்தான் ஒரு குழந்தையின் அன்றைய நாள் தொங்கிக்கொண்டிருக்கும்! சந்தேகம் தீரவில்லையென்றால் டெலிகேட்டைக் கூப்பிடுவார்கள். அவரும் வந்து கன்னத்தை மேஜையில் வைப்பார்.

அபராதங்கள் தாளில் எழுதப்படும் விதத்தையும் பாருங்கள். தொடங்குவதற்கு முன் வாங்கிய அபராதம் இடப்பக்கம், முடிக்கும்போது வாங்கியது வலப்பக்கம். 2 + 17.65 + 2 = 21.65. கூட்டல் முழுவதும் வெளிப்படையாக இருக்கும். போட்டியாளர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், ஜட்ஜும் போட வேண்டும். முழு நேரத்தை மட்டும் எழுதினால் போதாதா என்று முதலில் தோன்றும். போதாது. எந்தத் தவறுக்கு எவ்வளவு என்று பிறகு யார் கேட்டாலும் தாளே பதில் சொல்லும்.

இனி சண்டைக்கு வருவோம். இரண்டு நொடி என்பது எல்லோருக்கும் ஒரே இரண்டு நொடிதானா? 1982 ஜூன் மாதம் புடாபெஸ்டில் நடந்த முதல் உலகப் போட்டியில் அமெரிக்காவின் மின் தாய் வென்ற நேரம் 22.95 நொடி. அதில் இரண்டு நொடி என்பது நூற்றுக்கு ஒன்பது பங்கு. 2023 ஜூனில் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் மேக்ஸ் பார்க் 3.13 நொடியில் முடித்தார். அதன் பிறகும் சாதனை இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த 3.13-ல் இரண்டு நொடி என்பது நூற்றுக்கு அறுபத்து நான்கு! அதே மேக்ஸ் பார்க் 2022-ல் ஏழுக்கு ஏழு கியூபை 1 நிமிடம் 35.68 நொடியில் முடித்தபோது இரண்டு நொடி கூடியிருந்தால், அது நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஒரே தவறு, ஒரே அபராதம், ஆனால் ஒருவருக்குக் கீறல், இன்னொருவருக்கு வெட்டு. சதவீதக் கணக்கில் அபராதம் போடலாமே என்று ஒரு கூட்டம் கேட்கிறது. ஒரு திருப்பம் பாக்கி என்றால் அது சேராத கியூப்தானே, நேராக டி.என்.எஃப். கொடுத்தால் என்ன என்று இன்னொரு கூட்டம். கீழே போட்டபோது தானாகத் திரும்பியதற்கு ஏன் தண்டனை என்று மூன்றாவது கூட்டம். தேநீர் இடைவேளையில் இந்த மூன்று கூட்டமும் ஒரே மேஜையைச் சுற்றி நின்றுவிட்டால், அதைவிட நல்ல பட்டிமன்றம் கிடையாது!

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். அபராதத்தின் வேலை, தவறு செய்வதை லாபமில்லாமல் ஆக்குவதுதான். கடைசித் திருப்பத்தைச் செய்ய ஒரு நல்ல கியூபருக்கு ஆகிற நேரம் நொடியில் பத்தில் ஒரு பங்கு இருக்கலாம். அதை மிச்சம் பிடிக்க இரண்டு நொடி கொடுக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள், ஏழுக்கு ஏழு கியூபிலும் சம்மதிக்க மாட்டார்கள். ஆகவே இரண்டு நொடி எங்கேயும் போதும். சதவீதம் வந்தால் அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒவ்வொரு மேஜையிலும் வகுத்துப் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டும், கணக்கில் தப்பு வரும், தப்புக்கு ஒரு தகராறு வரும். பார்த்த மாத்திரத்தில் தயங்காமல் சொல்லக்கூடிய தீர்ப்பாக இருந்தால்தான் சிறுவர்கள் ஜட்ஜாக உட்கார முடியும். அவர்கள் உட்காராவிட்டால் போட்டியே நடக்காது.

டி.என்.எஃப். கட்சிக்காரர்கள் சராசரியின் அழகைப் பார்க்கத் தவறுகிறார்கள். ஒரு சுற்றில் ஐந்து முயற்சிகள். அவற்றில் மிக வேகமானதையும் மிக மெதுவானதையும் ஒதுக்கிவிட்டு நடுவில் இருக்கும் மூன்றின் சராசரியை எடுக்கிறார்கள். முதல் தடவை இரண்டு நொடி அபராதம் வாங்கினால், அந்த முயற்சியே பெரும்பாலும் மெதுவானதாகி ஒதுங்கிவிடும். இரண்டாவது தடவை வாங்கினால்தான் அது கணக்குக்குள் நுழையும். மூன்றில் ஒரு பங்காக, சராசரியில் கிட்டத்தட்ட 0.67 நொடி ஏறும். மன்னிப்பும் தண்டனையும் ஒரே சூத்திரத்துக்குள்! இதையே டி.என்.எஃப். ஆக்கினால், இரண்டு தடவை கியூப் குதித்த குற்றத்துக்கு அந்தச் சுற்றின் சராசரி முழுவதும் போய்விடும்.

சராசரி ஆரம்பம் முதலே இருந்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1982-ல் மூன்று முயற்சிகளில் சிறந்த ஒன்றுதான் கணக்கு. கலைப்பு எளிதாக அமைந்துவிட்டால் அதிர்ஷ்டம். 2003-ல் டொரண்டோவில் உலகப் போட்டி மறுபடி உயிர்பெற்றபோது டென்மார்க்கின் ஜெஸ் போண்டே ஒரு முயற்சியில் 16.53 நொடி எடுத்துக் காட்டினார். ஆனால் பட்டம் போனது 20.00 என்ற சராசரியோடு நின்ற டான் நைட்ஸுக்கு. ஒரு மின்னலுக்குக் கொடுப்பதா, ஐந்து முறையும் தளராமல் நின்ற கைக்குக் கொடுப்பதா என்ற கேள்விக்கு அன்று கிடைத்த பதிலோடுதான் இந்த விளையாட்டு இன்றும் ஓடுகிறது. தனி முயற்சியின் சாதனைக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது, அங்கே மின்னல்கள் மின்னட்டும்.

கண்ணைக் கட்டிக்கொண்டு பல கியூப்களைச் சேர்க்கும் பிரிவில் விவாதத்தின் சுவையே வேறு. அங்கே இன்ஸ்பெக்‌ஷன் என்று தனியாக எதுவும் இல்லை. மனப்பாடம் செய்யும் நேரமும் ஓடும் நேரத்தில் சேர்த்தி. சேர்த்த எண்ணிக்கையிலிருந்து சேராத எண்ணிக்கையைக் கழித்து வருவது புள்ளி. அமெரிக்காவின் கிரஹாம் சிக்கின்ஸ் 2022-ல் 65 கியூப்களை எடுத்துக்கொண்டு 57 நிமிடம் 47 நொடியில் 62-ஐச் சேர்த்தார். 62-ல் 3 போக 59 புள்ளி. அறுபத்தைந்து கியூபை ஒரு மணி நேரத்துக்குள் மனதில் ஏற்றிக் கண்ணைக் கட்டிக்கொண்டு திருப்பியிருக்கிறார், நினைத்தாலே தலை சுற்றுகிறது! இன்னொருவர் 59 எடுத்து 59-ஐயும் சேர்த்தாலும் இதே 59 புள்ளிதான், இருவரையும் முதலில் பிரிப்பது நேரம்தான். துணிந்து கூட எடுத்தவர் மேலா, பிழையே இல்லாமல் முடித்தவர் மேலா? இந்தச் சமன்பாடு இரண்டு பேருக்கும் சம மரியாதை கொடுக்கிறது. எனக்கு இது சரியென்றே படுகிறது. நூறு கியூபை அள்ளிக்கொண்டு வந்து குருட்டாம்போக்கில் திருப்பிப் பார்க்கிற ஆசையை அந்தக் கழித்தல் குறி ஒன்றே அடக்கிவிடுகிறது.

கியூப் ஆட்கள் நூறில் ஒரு பங்கு நொடிக்கு அடித்துக்கொள்ளும் அதே வேளையில், அமெரிக்கக் குறுக்கெழுத்துப் போட்டியில் கணக்கு நிமிடத்தில் நடக்கிறது. வில் ஷார்ட்ஸ் 1978-ல் தொடங்கியது அது. கெடுவுக்கு முன் மிச்சம் வைத்த ஒவ்வொரு முழு நிமிடத்துக்கும் 25 புள்ளி. நிமிடத்தின் முதல் நொடியில் கை தூக்கினாலும் கடைசி நொடியில் தூக்கினாலும் ஒன்றுதான். தவறான எழுத்து அந்த ஊக்கப்புள்ளியைத் தின்னும். 2005 இறுதிச் சுற்றில் அல் சாண்டர்ஸ் எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டதாகச் சொன்னார், பலகையில் இரண்டு கட்டங்கள் காலி! அடுத்த ஆண்டு வந்த 'வேர்ட்பிளே' ஆவணப்படத்தில் அவர் முகத்தைப் பாருங்கள். பட்டம் இருபது வயது டைலர் ஹின்மனுக்குப் போனது. பேனாவைக் கீழே வைத்துவிட்டால் முடிந்தது, கடிகாரம் பின்னால் ஓடாது. கியூபை விட்டுவிட்டு டைமரைத் தட்டிய கைக்கும் இதே கதிதான்.

நூறில் ஒரு பங்கு என்றேன். இப்போது வரும் டைமர்கள் ஆயிரத்தில் ஒரு பங்குவரை காட்டுகின்றன. திரையில் 3.139 என்று வந்தாலும் தாளில் ஏறுவது 3.13. மூன்றாவது இலக்கத்தை முழுமைப்படுத்துவதில்லை, வெட்டியே விடுகிறார்கள். கண் எதிரே தெரிகிற எண்ணை ஏன் வீசி எறிய வேண்டும் என்று புதிதாக வருகிற ஒவ்வொரு பையனும் கேட்கிறான். கையை எப்படி எடுத்தார், பட்டையில் எங்கே வைத்தார் என்பதிலேயே ஆயிரத்தில் சில பங்கு போய்விடும். அந்த இலக்கத்தை நம்பிப் பட்டம் கொடுத்தால் விரல் வைத்த விதத்துக்குப் பட்டம் கொடுத்ததாகிவிடும்.

வீடியோ ஆதாரம் பற்றியும் ஒரு வார்த்தை. டெலிகேட் விரும்பினால் வீடியோவைப் பார்த்து முடிவெடுக்க விதி இடம் தருகிறது. ஆனால் யாருடைய மேஜையில் கேமரா நிற்கும்? பெயர் வாங்கியவருடைய மேஜையில்தான். 2018 நவம்பரில் சீனாவின் வூஹு நகரில் டு யுஷெங் 3.47 நொடியில் உலகையே வாயடைக்க வைத்தபோது, எடுத்துக் காட்ட இருந்தது அரங்கத்தின் கண்காணிப்பு கேமரா பதிவு மட்டும்தான். தூரத்தில் ஒரு புள்ளி உருவம், சட்டென்று எழுகிற கூட்டம்! பதிவே இல்லாதவரையும் பத்து கேமராவோடு வருகிறவரையும் ஒரே தராசில் நிறுத்துவது மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஜட்ஜின் கண். அந்தக் கண்ணுக்குத்தான் முதல் மதிப்பு கொடுக்க வேண்டும், வீடியோ துணைக்கு இருக்கட்டும்.

இவ்வளவு யோசித்து எழுதிய விதிநூலில் ஒரே ஒரு இடம் என்னைத் தூங்கவிடாது. சால்வ் செய்யும் நேரத்தை அளப்பது உணர்பட்டை வைத்த கருவி. இன்ஸ்பெக்‌ஷனை அளப்பது ஒரு பையனின் கட்டைவிரல்! மூடியைத் தூக்கிய கை ஒன்று, ஸ்டாப்வாட்சை அழுத்திய கை இன்னொன்று. அப்புறம் அவன் ஸ்டாப்வாட்சையும் பார்க்க வேண்டும், போட்டியாளரின் உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், கியூபைத் தொடாமல் இருக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும். நடுவில் எட்டும் பன்னிரண்டும் உரக்கச் சொல்ல வேண்டும். பக்கத்து மேஜையில் யாரோ சொந்தச் சாதனையை உடைத்து மொத்தக் கூட்டமும் கத்துகிற நேரத்தில் அவன் "எய்ட்" சொன்னது எட்டிலா ஒன்பதிலா? 14.9-ஐயும் 15.1-ஐயும் எந்தக் கட்டைவிரலால் பிரிக்க முடியும்?

முன்னணி ஆட்கள் பதினைந்துக்கு வெகு முன்பே கையை எடுத்துவிடுவார்கள், அவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மாட்டிக்கொள்வது புதிதாக வந்த குழந்தைகள்தான். கலைப்பைப் பார்த்துத் திகைத்து, "ட்வெல்வ்" காதில் விழுந்ததும் பதறி, சிவப்பு விளக்கு பச்சையாவதற்குள் கையை எடுத்து, மறுபடி வைத்து... முதல் போட்டியில் வாங்கிய முதல் அபராதத்தை எந்தக் குழந்தையும் மறக்காது. அந்த அபராதம் சரியான கடிகாரத்திலிருந்து வந்ததாக இருக்க வேண்டாமா? மூடி தூக்கப்பட்டதும் தானே எண்ணத் தொடங்கி, எட்டையும் பன்னிரண்டையும் தானே ஒலித்து, சால்வ் கடிகாரத்தோடு சேர்ந்தே நிற்கிற ஒரே கருவி வேண்டும் என்பது என் தீராத ஆசை. மேஜைக்கு ஒன்று வாங்கினால் செலவு பெரிது, தன்னார்வலர்கள் நடத்தும் போட்டிகளுக்கு அது சுமை, ஒப்புக்கொள்கிறேன். உலகப் போட்டியின் இறுதி மேஜைகளில் தொடங்கலாமே! அங்கே ஓடிப் பழகினால் விலையும் இறங்கும்.

அதுவரைக்கும் கட்டைவிரல்கள் தேவை. நிறையவே தேவை. உங்கள் ஊரில் போட்டி நடந்தால், "ஜட்ஜ் பண்ண ஆள் வேணும்" என்று மைக்கில் ஒரு குரல் கெஞ்சுவது கண்டிப்பாகக் கேட்கும். கியூப் சேர்க்கத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை, அழைத்து வந்த பிள்ளைக்காகக் காத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவும் அப்பாவும் தாராளமாக வரலாம். டெலிகேட் பக்கத்தில் நின்று சொல்லித் தருவார். எழுந்து போங்கள், ஸ்டாப்வாட்சை வாங்கிக்கொள்ளுங்கள், எட்டை எட்டிலேயே சொல்லுங்கள்!